பழைய துணியை என்ன செய்றது? கடலூர், புதுச்சேரி வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். புதுசு தைப்பதோடு ஆல்டர் வேலையும் எடுப்பதால், வருகிறவர்கள் பையில் இருப்பதை மேசையில் கொட்டிவிட்டு, "அக்கா, இது தேறுமா?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து வருபவரும் பாகூர், அரியாங்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வருபவரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்திவிட்டுச் சொல்வதற்கு, எழுதி வைத்துவிட்டால் தேவலை என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பீரோவைக் காலி பண்ணினதுல ரெண்டு மூட்டை சேர்ந்திருக்கு. யார்கிட்ட குடுக்கலாம்?

அதற்கு முன்னால் மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டுங்கள். நாலு குவியலாகப் பிரியுங்கள். சின்னக் கோளாறைச் சரிசெய்தால் நீங்களே போடக்கூடியது ஒன்று. உங்களுக்கு வேண்டாம், ஆனால் இன்னொருவர் கூச்சப்படாமல் உடுத்தக்கூடியது இரண்டு. உடுத்த முடியாது, துணியாக உதவும் என்பது மூன்று. எதற்கும் ஆகாதது நாலு.

நான் பார்த்தவரை முதல் குவியல்தான் பெரிசாக நிற்கும். ஜிப் போன பேன்ட், கொக்கி அறுந்த ஜாக்கெட், ஓரம் பிரிந்த சுடிதார் டாப், பட்டன் இல்லாத சட்டை. இதெல்லாம் பழைய துணியே இல்லை, வேலை பாக்கி உள்ள துணி. கொடுப்பது என்பது இரண்டாவது குவியலுக்கு மட்டும்.

நாலையும் ஒன்றாகக் கட்டி ஏதோ ஒரு இல்லத்து வாசலில் வைத்துவிட்டு வந்தால், நம் வீட்டுக் குப்பையைப் பிரிக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டியதாகிவிடும். முதலில் போன் செய்து என்ன வேண்டும், என்ன அளவு என்று கேளுங்கள். முதியோர் இல்லத்தில் கேட்பது பெரும்பாலும் நைட்டி, கைலி, துண்டு, போர்வை. நாம் தூக்கிப் போவது ஜிகினா வைத்த சுடிதார்.

காட்டனா, பாலியஸ்டரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? லேபிள் எப்பவோ போயிடுச்சு.

உள்தையல் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். தையல் நூலை எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் பாலியஸ்டர்தான். துணியையே எடுக்க வேண்டும். இடுக்கியில் பிடித்து, கீழே எவர்சில்வர் தட்டு வைத்து, தீக்குச்சி காட்டுங்கள். காட்டன் என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் விரலில் தொட்டால் பொடியாகும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி உருகும், ஆறியதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நிற்கும். பட்டு, கம்பளி என்றால் தலைமுடி கருகும் நாற்றம்.

காகித வாசனையும் வந்து, கெட்டியான மணியும் நின்றால் அது கலப்பு. இன்றைக்குக் கடையில் "காட்டன்" என்று சொல்லி விற்பதில் பாதி இப்படித்தான். இன்னொன்று ரேயான். அதுவும் காட்டன் மாதிரியேதான் எரியும், ஆனால் நனைந்தால் பலம் குறைந்துவிடும். ரேயான் நைட்டி துவைக்கும்போது கிழிவது அதனால்தான். அதை அடித்துத் துவைக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள்.

துணிதானே, குப்பையில போட்டா மக்கிடாதா?

காட்டன் மக்கும். பாலியஸ்டர் என்பது பெட்ரோலியத்தில் செய்த பிளாஸ்டிக், தண்ணீர் பாட்டிலும் அதே சரக்குதான். அது மக்காது, நாரு நாராகப் பிரிந்து கிடக்கும். புதுச்சேரி குருமாம்பேட் கிடங்கு மாதிரியான இடங்களில் பழைய குப்பையைத் தோண்டிச் சலிக்கும்போது, இயந்திரத்தின் உருளையில் போய்ச் சுற்றிக்கொள்வதில் துணிக்கு முக்கியப் பங்கு உண்டு. குழம்பும் மீன் கழுவிய தண்ணீரும் பட்ட துணியை யாரும் பிரித்தெடுத்துப் பயன்படுத்தவும் முடியாது. குப்பையில்தான் போட வேண்டும் என்றால், நனையாமல் தனியாகக் கட்டி, மக்காத குப்பையோடு கொடுங்கள். வாய்க்காலில் மட்டும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் அடைத்துத் தெருவில் தண்ணீர் ஏறும்போது, கம்பி விட்டு இழுத்தால் முதலில் வருவது பாலிதீன் பை, அடுத்தது புடவைத் துண்டு.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு காட்டன் டீ-ஷர்ட்டுக்குப் பருத்தி விளைவதிலிருந்து சாயம் போடுவது வரை சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உலக அளவில் சொல்லப்படுகிறது. தூக்கிப் போடும்போது அதையும் சேர்த்துத்தான் போடுகிறோம்.

எரிச்சிட்டா என்ன? போகிக்கு எரிக்கிறது வழக்கம்தானே?

போகிக்கு எரித்த காலத்தில் வீட்டில் இருந்தது பருத்தியும் ஓலைப்பாயும். இப்போது மூட்டையில் இருப்பது பாதிக்கு மேல் பிளாஸ்டிக். மார்கழிப் பனியில் அந்தப் புகை மேலே போகாமல் தெருவிலேயே நிற்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் உங்களுக்கே தெரியும். திடக்கழிவு விதிகளும் குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்றே சொல்கின்றன. சாஸ்திரத்துக்கு ஒரு பழைய பாய்த் துண்டு போதும்.

தெருவுல "பழைய துணிக்குப் பாத்திரம்"னு வர்றவங்ககிட்ட போடலாமா?

தாராளமாகப் போடலாம். பலர் அவர்களை ஏளனமாக நினைக்கிறார்கள், ஆனால் மறுசுழற்சி என்ற பேச்சு வருவதற்கு முன்பிருந்தே அந்த வேலையைச் செய்கிறவர்கள் அவர்கள்தான். உடுத்தக்கூடியது துவைத்து, இஸ்திரி போட்டு, சந்தையில் மறுபடி விலைக்குப் போகும். பனியன், காட்டன் வகையறா துண்டுகளாகி லாரி ஷெட்டுக்கும் மெக்கானிக் கடைக்கும் எண்ணெய் துடைக்கப் போகும்.

ஒரு எச்சரிக்கை. பட்டுப் புடவையை மட்டும் பிளாஸ்டிக் பக்கெட்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஏன்? கிழிஞ்ச பட்டுப் புடவைக்கு அப்படி என்ன மதிப்பு?

ஜரிகை. அசல் ஜரிகையில் நடுவே சிவப்புப் பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளி, அதன்மேல் லேசாகத் தங்கமுலாம். ஓரத்தில் ஒரு இழையை உருவி நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் நல்ல சரக்கு. செம்புக் கம்பியோ வெள்ளை நூலோ தெரிந்தால் ஆஃப்-பைன் ஜரி அல்லது சாதாரண ஜரி, அதற்குப் பெரிய விலை கிடையாது. அசல் என்றால் ஜரிகை வாங்கும் கடையில் உருக்கி, வெள்ளி விலைக்குக் கணக்குப் போடுவார்கள். ஒரே இடத்தில் முடிக்காமல் இரண்டு கடையில் கேளுங்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது உருக்குவது இல்லை. பட்டு பெரும்பாலும் மடிப்பில்தான் விட்டுப்போகும், முந்தானையும் பார்டரும் நன்றாகவே இருக்கும். அதில் பேத்திக்குப் பாவாடை சட்டை வரும், ஜாக்கெட் கைக்கு பார்டர் வரும். உடல் துணி இற்றுப்போயிருந்தால் உள்ளே மல் துணி கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள், இன்னும் பல விசேஷத்துக்கு வரும். மிச்சமிருக்கும் நல்ல பட்டுகளை மூன்று மாதத்துக்கொரு தடவை பிரித்து, மடிப்பை மாற்றி வைத்தாலே இந்த நிலை வராது.

தைக்கக் கூலி குடுக்கிற காசுக்குப் புதுசே வாங்கிடலாமே அக்கா?

என் கடை வாசலில் நின்று என்னிடமே கேட்பார்கள். சில துணிக்கு அது உண்மைதான், அதையும் சொல்கிறேன். கணக்கை வாங்கிய விலையில் பார்க்காமல், எத்தனை தடவை உடுத்துகிறோம் என்பதில் பாருங்கள். 200 ரூபாய் டாப் நாலு தடவை துவைத்ததும் சுருங்கிப் போனால், உடுத்திய ஒரு தடவைக்கு 50 ரூபாய். 900 ரூபாய்ச் சட்டையை 60 ரூபாய் செலவில் காலர் திருப்பி நூறு தடவை போட்டால், தடவைக்குப் பத்து ரூபாய்கூட வராது.

காலர் திருப்புவது தெரியாதவர்களுக்கு: சட்டைக் காலர் கழுத்து உரசும் மடிப்பில்தான் முதலில் நைந்துபோகும். மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கும். காலரைப் பிரித்து, திருப்பிப் போட்டுத் தைத்தால் நைந்த பக்கம் உள்ளே போய்விடும். அரசு அலுவலகம் போகிறவர்கள் ஒரு காலத்தில் எல்லாரும் செய்துகொண்டதுதான். இப்போது கேட்டு வருகிறவர் குறைவு, செய்து தருகிற கை இன்னும் இருக்கிறது.

கொண்டு வர வேண்டியவை: ஜிப், கொக்கி, எலாஸ்டிக், ஓரம், புடவைக்கு ஃபால்ஸ், பை ஓட்டை, தொடையில் நைந்த ஜீன்ஸ். ஜீன்ஸை ஓட்டை விழுவதற்கு முன்பே, துணி மெலிந்து வெளிச்சம் தெரியும்போதே கொண்டு வந்தால் உள்ளே ஒட்டு வைத்து மேலே இழை ஓட்டிவிடலாம். ஓட்டை விழுந்த பிறகு வந்தால் ஒட்டு வெளியே தெரியும். கொண்டு வர வேண்டாதவை: சாயம் வெளுத்தது, முடிச்சு முடிச்சாகப் பூத்துப்போன பனியன் துணி, லைக்ரா செத்துப்போன லெக்கிங்ஸ். இவற்றுக்குக் கூலி கொடுத்தால் காசும் வீண், என் நேரமும் வீண்.

ரெடிமேட் டாப்பை லூஸ் பண்ண முடியுமா?

உள்ளே திருப்பித் தையலைப் பாருங்கள். தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்களோ அவ்வளவுதான் பிரிக்க முடியும். ரெடிமேடில் ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டிவிடுவதால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. பக்கவாட்டில் வேறு துணி வைத்துத் தைப்பதே வழி.

தைக்கக் கொடுக்கும்போது இதை யோசியுங்கள். "உள்ள ஒரு இஞ்ச் விட்டுத் தைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜாக்கெட் பல வருஷம் வரும். பெண் குழந்தைகளின் பாவாடையில் அடியில் இரண்டு, மூன்று டக் (மடிப்புத் தையல்) பிடித்து வைத்தால், பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். பிரித்த இடத்தில் கோடு தெரிகிறது என்று சிலர் கவலைப்படுவார்கள். அதன்மேல் ஒரு லேஸ் ஓட்டிவிட்டால் டிசைன்.

பாண்டி சண்டே மார்க்கெட்ல அவ்வளவு மலிவா கிடைக்குது. வாங்கறது தப்பா?

தப்பே இல்லை. காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை விரித்துப் போட்டிருப்பதில் ஏற்றுமதியில் மிஞ்சியதும், சின்னக் குறையால் கழித்ததும் வரும். அதை நீங்கள் வாங்கிப் பல காலம் உடுத்தினால் நல்லதுதான். மலிவு என்பதால் ஐந்து வாங்கி, மூன்று பீரோவிலேயே கிடப்பதுதான் பிரச்சினை. ஆடித் தள்ளுபடிக்கும் இதே பதில்.

வாங்குமுன் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அடுத்தவர் முகம் தெரியக் கூடாது. நகத்தால் சுரண்டினால் மாவு உதிர்ந்தால் அது கஞ்சிக் கனம், முதல் துவையலில் போய்விடும். தையலின் இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுங்கள், இடைவெளி தெரிந்தால் வைத்துவிடுங்கள். அளவு கொஞ்சம் பெரிசாக இருந்தால் வாங்கலாம், பிடித்துக் கொடுத்துவிடுவேன். சின்னதாக இருந்தால் மேலே சொன்ன கதைதான்.

அந்தக் காலத்துத் துணி மாதிரி இப்ப ஏன் உழைக்க மாட்டேங்குது?

நினைவில் எல்லாப் பழையதும் நல்லதாகத்தான் தெரியும், ஆனால் இதில் உண்மை இருக்கிறது. விலை குறைக்க இழையை மெல்லிசாக்கி, நெருக்கத்தைக் குறைத்து நெய்கிறார்கள். வாங்கும்போதே மெத்தென்று இருக்க வேண்டும் என்று ஜீன்ஸையும் டீ-ஷர்ட்டையும் தொழிற்சாலையிலேயே கல் போட்டும் மருந்து போட்டும் அலசி அனுப்புகிறார்கள். பாதி ஆயுள் அங்கேயே போய்விடுகிறது.

நம் பக்கம் துணிக்குப் பெயர்போன இடம். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து நீலச் சாயத் துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில் 2020இல் மூடப்பட்டது, அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் முதலியார்பேட்டையில் இன்றும் உண்டு. அவர்கள் கடைக்கு வந்தால் துணியை விரல் நடுவே உருட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார்கள். குறிஞ்சிப்பாடி பக்கம் தறியில் நெய்த கைலி கிடைத்தால் ஒன்று வாங்கிப் பாருங்கள். முதலில் மொடமொடவென்று இருக்கும், துவைக்கத் துவைக்க இழையும். கடைசியில் பாதியாகக் கிழித்தால் அதைவிட நல்ல துடைக்கும் துணி கிடையாது.

எங்க போர் தண்ணியில வெள்ளைத் துணி பழுப்பாயிடுது. பிளீச் போட்டா இன்னும் மோசமாகுது.

பழுப்புக்குக் காரணம் தண்ணீரில் உள்ள இரும்பு. பிளீச்சிங் பவுடர் இரும்பை இன்னும் துருவாக்கித் துணியில் உட்கார வைத்துவிடும், அதனால்தான் மோசமாகிறது. முதல் நாள் இரவே டிரம்மில் பிடித்து வைத்தால் துரு அடியில் படியும், மேல் தண்ணீரை மொண்டு துவையுங்கள். ஏற்கெனவே பட்ட கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, சிறிது நேரம் வெயிலில் வைத்து அலசுங்கள். வெள்ளைக் காட்டனுக்கு மட்டும், ஏனென்றால் சாயத் துணியில் எலுமிச்சை திட்டு விடும். பிளீச்சோடு எலுமிச்சை, வினிகர் எதையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

இதோடு கேட்கப்படும் இன்னொன்று மஞ்சள் கறை. மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும், பயந்து பிரஷ் போட்டுத் தேய்த்துத் துணியைக் கெடுப்பார்கள். சிவந்தது அலசினால் மறுபடி மஞ்சளாகும். மிச்சத்தை வெயிலிடம் விட்டுவிடுங்கள். ஈரத்தோடு நல்ல வெயிலில் காயப்போட்டால் ஓரிரு நாளில் தானே வெளுத்துவிடும்.

மழைக்காலத்துல துணி கரும்புள்ளி விழுந்துடுது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

நாற்றம் மட்டும் என்றால் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசி, வெயில் வந்ததும் காயப்போட்டால் போய்விடும். புள்ளி விழுந்துவிட்டால் வெள்ளைக் காட்டனில் பிளீச் கேட்கும், சாயத் துணியில் முழுதாகப் போகாது. பிழிந்த துணியை மெஷினுக்குள்ளேயே ராத்திரி விடாமல் இருப்பதும், மின்விசிறிக்கு அடியிலாவது இடைவெளி விட்டு விரிப்பதும்தான் மருந்து.

வெள்ளத்துல நனைஞ்ச துணியைக் காப்பாத்த முடியுமா?

2011 தானே புயல், 2015 மழை, 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், அப்புறம் தென்பெண்ணையில் வந்த வெள்ளம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் தெருவோரம் பீரோ பீரோவாகத் துணி கிடந்தது. அதில் பெரும்பகுதி பிழைத்திருக்கும்.

முதலில் சோப்பு வேண்டாம். வெறும் தண்ணீரில் சேறு போகும்வரை அலசுங்கள். சேறோடு தேய்த்தால் மணல் இழையை அறுக்கும். சாயம் போகும் துணிகளை உடனே தனியாக எடுங்கள், ஒரு சிவப்புப் பாவாடை மொத்த வாளியையும் கெடுத்துவிடும். சாக்கடை கலந்த தண்ணீராக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைக் காட்டனை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைக்கலாம், கலர் காட்டனுக்குச் சுடுதண்ணீர். பட்டுக்கு இரண்டும் ஆகாது: குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் விரித்து, காய்ந்த பிறகு டிரை கிளீனிங் கொடுங்கள். முக்கியமானது நேரம். ஈர மூட்டையாக இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும். வெயில் இல்லையே என்று காத்திருக்காமல் அலசிக் கொடியில் போட்டுவிடுங்கள்.

அப்ப வெள்ள நிவாரணத்துக்குப் பழைய துணி அனுப்பலாமா?

கேட்டால் மட்டும் அனுப்புங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக் கிராமங்களுக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. கிழிந்ததும், அழுக்கும், மீனவப் பெண்கள் உடுத்தவே உடுத்தாத வகையும் அதில் கலந்திருந்தன. வாங்க ஆளில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்து, நனைந்து, அதை அள்ளுவது தனி வேலையாயிற்று. எல்லாம் இழந்தவர்கள்தான், ஆனால் எதையும் உடுத்துவார்கள் என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் பெரும்பாலும் தேவைப்படுவது புது உள்ளாடை, நாப்கின், போர்வை, துண்டு, கைலி, நைட்டி.

பழைய காட்டன் துணியை வீட்டுல எதுக்கெல்லாம் வச்சுக்கலாம்?

முதல் இடம் வடகத் துணிக்கு. மாசி, பங்குனியில் மொட்டை மாடியில் கூழ் வடகம் ஊற்றுகிறவர்கள் பாலிதீன் விரிப்புக்கு மாறிவிட்டார்கள். வெள்ளை வேட்டியில் ஊற்றிப் பாருங்கள். ஈரத்தைத் துணி உறிஞ்சுவதால் அடிப்பக்கமும் ஒரே சீராகக் காயும். வெயிலில் சூடாகிற பாலிதீன் மேல் உணவை வைக்கும் கவலையும் இல்லை. எடுக்கும்போது துணியைக் கவிழ்த்து, பின்பக்கம் தண்ணீர் தெளித்துச் சிறிது விட்டால் வடகம் தானாகக் கையோடு வரும். சாயமில்லாத துணியாக இருக்க வேண்டும், வாசனைத் திரவம் போடாமல் அலசியிருக்க வேண்டும். கரை வேட்டி என்றால் கரையைக் கிழித்துவிட்டு விரியுங்கள், அந்தக் கரை பை கட்டும் நாடாவுக்கு ஆகும்.

மற்றபடி அடுப்படியில் பிடிதுணி, தரை துடைக்கும் துணி, இட்லித் தட்டுக்கு மெல்லிய மல் துண்டு, கைக்குழந்தைக்குத் தூளி. தூளிக்கு இற்றுப்போன புடவை கூடாது, இரண்டு பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். கலர் புடவையை நாடாவாகக் கிழித்துச் சடை மாதிரி பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் கால்மிதி. தமிழக அரசு 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியபோது பலர் கடையில் பை வாங்கினார்கள். வீட்டில் கிடக்கும் பேன்ட் காலை வெட்டி அடியில் ஒரு தையல் ஓட்டினால் அரிசி தாங்கும் பை வரும்.

பிறந்த குழந்தைக்குப் பழைய துணி போடலாமா? மாமியார் பழசுதான் முதல்ல போடணும்னு சொல்றாங்க.

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பலமுறை துவைத்த வேட்டித் துணியில் கஞ்சியோ சாயமோ மிச்சமிருக்காது, உரசாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்துருண்டை போட்டு வைத்த பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே போடாதீர்கள். அந்துருண்டையில் உள்ள நாப்தலின் வாடை, ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள பச்சைக் குழந்தைகளுக்கு ரத்த அணுக்களைச் சிதைக்கும், மஞ்சள் காமாலை வரலாம். குறைபாடு இருப்பது முன்கூட்டித் தெரியாமலும் இருக்கலாம். துவைத்து, வாடை முழுதாகப் போகும்வரை வெயிலில் காயவைத்த பிறகே போடுங்கள். இனிமேல் குழந்தைத் துணிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வையுங்கள்.

துணி நாப்கின் சுத்தமா இருக்குமா?

குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சுத்தமாகவே இருக்கும், வெயிலில் காயப்போட்டால். முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும், சுடுதண்ணீர் ரத்தக் கறையைத் துணியிலேயே பதிய வைத்துவிடும். பிறகு சோப்பு, பிறகு வெயில். யாரும் பார்க்கக் கூடாது என்று பாத்ரூமில் ஈரமாகத் தொங்கவிடுவதில்தான் கெடுதல். பழைய காட்டனில் மடித்துத் தைத்துத் தருகிறேன். தயாராக வேண்டும் என்றால் ஆரோவில்லின் ஈகோஃபெம் துணி நாப்கின் இருக்கிறது. வெயிலில் காயவைக்க இடமே இல்லாத வீடு என்றால் இதை வற்புறுத்த மாட்டேன்.

பாலியஸ்டர் புடவை எதுக்குமே உதவாதா?

துடைக்க உதவாது, தண்ணீரையே உறிஞ்சாது. ஆனால் வெயில், மழை தாங்கும். மாடித் தோட்டத்துக்கு நிழல், பைக்குக்கு உறை, முறுக்கிக் கட்டினால் கொடி. லைக்ரா செத்த லெக்கிங்ஸை நாடாவாக வெட்டினால் தக்காளிச் செடியைத் தண்டு அறுக்காமல் கட்டலாம்.

உடுத்துகிற காலத்தில் அடிக்கடி, சுடுதண்ணீரில் துவைக்க வேண்டாம். ஒவ்வொரு துவையலிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் நார் உதிர்ந்து, சாக்கடை வழியாகக் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. மெஷினை நிறைத்துப் போட்டால் உரசல் குறையும்.

திருநள்ளாறு போனா உடுத்தின துணியை விட்டுட்டு வரணுமாமே?

நள தீர்த்தத்தில் குளித்து, உடுத்தியதை விட்டுவரும் பழக்கம் இருக்கிறது. நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. குளத்துத் தண்ணீரில் மட்டும் விடாதீர்கள், அடுத்தவர் அதில்தான் முழுக்குப் போட வேண்டும். நைந்த காட்டன் துண்டோ வேட்டியோ உடுத்திப் போய், கரையில் ஒதுக்கிய இடத்தில் போடுங்கள். மாசிமகத்துக்குத் தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடலில் விடுபவர்களுக்கும் இதேதான். கடல் அதை வைத்துக்கொள்ளாது, வலையில் சிக்கும், இல்லையென்றால் மறுநாள் கரைக்கே வரும்.

அம்மா தவறிட்டாங்க. பீரோ நிறைய அவங்க புடவை. குடுக்கவும் மனசில்ல, பார்க்கவும் முடியல.

அவசரப்பட வேண்டாம். வருஷத் திவசம் வரைக்கும் அப்படியே இருக்கட்டும், நடுவில் ஒரு தடவை எடுத்து வெயில் காட்டி மடிப்பு மட்டும் மாற்றுங்கள். இந்த நிலையில் வெட்டித் தைக்க வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன், வெட்டிய பிறகு மனசு மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு உடன்பிறந்தவர்களையும் சித்தி, அத்தையையும் கூப்பிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தினமும் கட்டிய நூல் புடவைகள் இரண்டை ஒன்றாக வைத்து ஓட்டினால் போர்வை ஆகும், பெரும்பாலும் மகள்கள் இதைத்தான் கேட்கிறார்கள். மீதியைத் துவைத்து இஸ்திரி போட்டு, முதல் கேள்வியில் சொன்னபடி கேட்டு அறிந்து கொடுங்கள். செத்தவர் துணி என்று சிலர் வாங்கத் தயங்குவார்கள், மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

எங்களுக்கு இவ்வளவு சொல்றீங்களே, உங்க கடையில விழற வெட்டுத் துணியை என்ன பண்றீங்க?

நியாயமான கேள்வி. கை, கழுத்து வெட்டும்போது விழும் துண்டுகள் எல்லாத் தையல் கடையிலும் மூட்டையாகச் சேரும். பெரியதைச் சுடிதாருக்குப் பட்டன், பைப்பிங் என்று அந்த உடுப்பிலேயே போட்டுவிடுவேன். காட்டன் பொடித் துண்டுகள் தலையணைக்குள் போகும். பாலியஸ்டர் பொடிக்கு எனக்கும் நல்ல வழி கிடைக்கவில்லை, உட்காரும் திண்டுக்குள் அடைக்கிறேன், மிஞ்சுவது மக்காத குப்பைக்குப் போகிறது. சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களுக்கு இந்த மாதிரித் துண்டுத் துணியில் சுனாமிகா என்ற விரல் அளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. விலை வைக்காமல் அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். அந்த அளவுக்குப் பொறுமை எனக்கு இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த டெய்லரிடம் கொடுத்தாலும் மிச்சத் துணியைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் காசு. ஒரு கவரில் போட்டு, எந்த உடுப்பினுடையது என்று எழுதி வையுங்கள். நாளைக்கு அக்குளில் கிழிந்து ஒட்டுப் போட வரும்போது அதே நிறத்துக்குக் கடை கடையாக அலைய வேண்டாம்.